ருக்மணி கூப்பிட்டால் வருவார்கள்

கடைக்கார ருக்மணி நேற்றுக் காலை போய்விட்டாள். நெஞ்சுவலி... குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

எங்கள் தெருக்கோடியில் மளிகைக் கடை வைத்திருந்தவள். என்னைவிட வயதில் சின்னவள். எனக்கு முன்னால் போக அவளுக்கு யார் அனுமதி கொடுத்தது?

சில வருடங்களுக்கு முன், தேயிலை விலை விழுந்து, பாக்டரிக்காரர்களே இலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சமயம். தோட்டங்களைக் கவனிக்க ஆளில்லை. சரிவெல்லாம் உண்ணிச்செடி மண்டி, தெருவுக்கே தண்ணீர் தந்த கீழ் ஊற்று சேறாகிவிட்டது.

அதைச் சரிசெய்ய முதலில் கூட்டம் போட்டவள் நான். இது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

என் வீட்டு ஹாலில் நாற்காலி போட்டேன். ஐ.நா.வின் பதினேழு வளர்ச்சி இலக்குகளைப் போஸ்டராகச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றாக விளக்கினேன். வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருத்தி ருக்மணி.

முழுவதும் கேட்டுவிட்டு, "ஏனுங்க மேடம், இந்தப் பதினேழுல தண்ணி எத்தனாவதுங்க?" என்றாள்.

ஆறாவது என்றேன்.

"அப்ப ஆறுல ஆரம்பிச்சுரலாங்க. மத்ததெல்லாம் தண்ணி குடிச்சுட்டு மெதுவா வரட்டும்."

அந்த வாரச் சனிக்கிழமை ஊற்றடியில் தெருவே நின்றது. நான் நோட்டீஸ் அனுப்பியும் வராதவர்கள். அவள் செய்ததெல்லாம், கடைவாசலில் நின்று "அக்கா, மம்பட்டிய எடுத்துட்டு வாங்க" என்று கத்தியதுதான்.

என் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று செல்லம்மாவைக் கேட்டேன். சிலோனிலிருந்து வந்த குடும்பம், எஸ்டேட்டில் வேலை.

"உங்க வீட்டு கார்பெட்டுல சேத்துக்கால வைக்க ஏலாது மேடம். ருக்மணி அக்கா சேத்துக்குள்ளயே கூப்பிட்டாங்க."

அதன்பின் சனிக்கிழமைதோறும் ஊற்றடியில் வேலை, முடிந்தால் டீ. பாக்டரி திருப்பிய இலையை அவரவர் வீட்டில் கையால் கசக்கி, வறுத்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பிடி கொண்டுவந்து ஒரே பானையில் போட வேண்டும். ருக்மணி வைத்த சட்டம்.

நான் ஆரஞ்சு பீக்கோ என்ற உயர்ரகத் தேயிலையை அளவாக ஊறவைத்து, பிளாஸ்கில் தனியாகக் கொண்டுபோனேன். அவள் மூடியைத் திறந்து அப்படியே பானைக்குள் கவிழ்த்தாள்.

"தனியா இருந்தா ஆறிப்போயிருங்க மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். ரொம்ப நாள் அவள் கடைக்குப் போகவில்லை. சர்க்கரை வாங்க அருவங்காடு வரை போனேன்.

அந்த டீ நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் கோபம்.

தெருவில் எல்லோரும் அவளுக்கு அக்கா, அத்தை, கண்ணு... நான் மட்டும் கடைசிவரை மேடம். முதலில் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஊற்றில் தண்ணீர் தெளிந்தபின் வெளியூர் அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். போட்டோவில் ஓரமாகப் போஸ்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். நடுவில் சிரிப்பது ருக்மணி.

இன்று அவள் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. என் கணவர் போனபோதுகூட இத்தனை பேர் வரவில்லை.

"வர்ற சனிக்கிழமை ஊத்தடிக்கு யாரு மேடம் கூப்பிடுவாங்க?" என்றாள் செல்லம்மா.

நான் கூப்பிடுகிறேன் என்றேன்.

உன் கடைவாசலில் நின்றுதான் கத்தப்போகிறேன், ருக்மணி. பிளாஸ்க் கிடையாது, ஒரு பிடி இலைதான். யார் வருகிறார்கள் பார்க்கலாம்.

உனக்கு வந்த கூட்டம் வராது... தெரியும்.

போய் வா.