இரண்டு குரல் மணி

கடற்கரை வீதியில் என் மாமாவுக்கு ஒரு பட்டறை இருந்தது. படகு எஞ்சின்களின் உடைந்த வெண்கல விசிறிகளை உருக்கி, மறுபடி வார்த்துக் கொடுப்பது அவருடைய தொழில். பள்ளிக்கூடம் விட்டதும் நானும், நான் காக்கா என்று கூப்பிடும் என் அண்ணனும் அங்கேதான் கிடப்போம்.

ஒருநாள் மாமா தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். சீனாவில் பழங்கால அரசன் ஒருவனின் கல்லறையைத் தோண்டியபோது வரிசை வரிசையாக வெண்கல மணிகள் கிடைத்தனவாம். அவற்றுக்கு நாக்கு இல்லை. வெளிப்புறத்தில் தட்ட வேண்டும். நடுவில் தட்டினால் ஒரு சுரம், ஓரத்தில் தட்டினால் இன்னொரு சுரம். மணியின் வாய் வட்டமாக இல்லாமல், இரண்டு கூரை ஓடுகளை முகத்துக்கு முகம் சேர்த்தது போல இருப்பதுதான் காரணமாம்.

"பொய் மாமா" என்றேன்.

"பொய்யோ? ஊத்திப் பாப்பம் புள்ள."

சீனர்கள் செய்தது போலவே களிமண் அச்சைத் துண்டு துண்டாகச் செய்து பொருத்தினார். முதல் அச்சில் ஈரம் இருந்தது. ஊற்றிய வெண்கலம் படீரென்று தெறித்தது. அடுத்த வீட்டு வளவுக் கோழிகள் மதில் தாண்டிப் பறந்தன. இரண்டாவது மணி முழுதாக வந்தது, ஆனால் தட்டினால் சோற்றுப் பானை போல 'டொக்' என்றது. எங்களைவிட மாமாதான் அதிகம் சிரித்தார். விசிறி கேட்டு வந்த மீனவர்கள்கூட வந்த வேலையை மறந்து, மணியின் சுவரை இன்னும் மெல்லிசாக்கச் சொல்லி யோசனை கொடுத்தார்கள்.

மூன்றாவது மணியை அச்சிலிருந்து உடைத்தெடுத்த அன்று நாங்கள் குர்ஆன் ஓத ஓதப்பள்ளிக்குப் போகவில்லை. மாமா அதை அராவி முடித்துத் தொங்கவிட்ட நேரம் பார்த்து, கையில் கம்புடன் உம்மா வாசலில் நின்றார்.

"ஓதப் போகாம இஞ்ச என்ன செய்றீங்க ரெண்டு பேரும்?"

நான் காக்காவின் பின்னால் ஒளிந்தேன். மாமா அரத்தைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகத் தன் அக்காவின் அருகே போனார்.

"அந்தக் கம்ப இஞ்ச தாங்க ராத்தா."

வாங்கி, மணியின் நடுவில் தட்டினார். ஓரத்தில் தட்டினார். இரண்டு குரல்! நான் கத்திக்கொண்டு குதித்தேன். உம்மா கம்பைத் திருப்பி வாங்கித் தானும் தட்டிப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தட்டினார்.

"இதென்ன தம்பி, ஒரு மணிக்குள்ள ரெண்டு சத்தம்?" என்றவர், மாமாவை ஏற இறங்கப் பார்த்து, "பகல் சோறு திண்டியா நீ?" என்று கேட்டார்.

"இல்ல."

"வா வீட்ட."

அன்று மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். எனக்கோ கோபம். உம்மா மீனை அள்ளி அள்ளி வைக்கிறார், வாப்பா காரணமில்லாமல் சிரிக்கிறார், மணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை! வீட்டு வளவைப் பங்கு பிரித்ததில் பேச்சு முறிந்து, பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே அக்காவும் தம்பியும் முகம் பார்க்காமல் வருடங்களைக் கழித்தவர்கள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவ்வளவு அருமையான மணிக்கு இவர்கள் காட்டிய மரியாதை போதாது என்றுதான் நினைத்தேன்.