கையில் எடுத்த இலை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வரிசை வீடுகளிலிருந்து கூப்பிடு தூரத்தில் மூன்று சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. ஆற்றங்கரைப் பக்கம் ராவுத்தர் கடை. அங்கே யார் வேண்டுமானாலும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காரலாம். சீனர் கோப்பிக்கடையிலும் அப்படித்தான், சாதி கேட்கமாட்டார்கள். மூன்றாவது, நான் தினமும் சாப்பிட்ட சைவக் கடை. வாசலிலேயே நெய் மணக்கும். முன்கூடத்தில் மேசை நாற்காலிகள், எங்களைப் போன்ற ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிகளுக்கு. தீண்டக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கொல்லைப்புறம். அவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இலையைத் தாங்களே எடுத்துப் போட்டு, இடத்தையும் கழுவிவிட்டுப் போகவேண்டும். கடல் தாண்டி வந்தும் இந்த வெட்கங்கெட்ட வழக்கத்தை மட்டும் மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

என் நண்பன் அந்தக் கொல்லைப்புறத்துக்காரன். கிள்ளானில் தண்டவாளக் கூலி. நான் அங்கே வேலை பார்த்த வருடம் மலேரியாவில் படுத்துவிட்டேன். என் சாதிக்காரர்கள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவன்தான் மூன்று வாரம் கஞ்சி காய்ச்சி எடுத்துவந்து, தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டினான்.

ரப்பர் விலை விழுந்து எங்கும் ஆட்குறைப்பு நடந்தபோது அவனையும் ஊருக்குக் கப்பலேற்ற முடிவு செய்தார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ள கோலாலம்பூர் வந்தான். சைவக் கடையில் சாப்பிடலாம் வா என்று கூப்பிட்டேன்.

"ராவுத்தர் கடைக்கே போயிரலாங்க கிராணி. எதுக்கு வம்பு?"

"இங்க ஒன்ன யாருக்குத் தெரியும்? எங்க சித்தப்பா மவன்னு சொல்லிக்கிறேன், வா."

என் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டேன். நெற்றியில் திருநீறும் பூசிவிட்டேன். ஏதோ பெரிய புண்ணியம் செய்கிற நினைப்பு எனக்கு. அவன் வேண்டாம் வேண்டாமென்று சொல்லிக்கொண்டேதான் என் பின்னால் வந்தான்.

முதலாளியே வந்து விசாரித்தார். சித்தப்பா மகன், ஊருக்குப் போகிறான் என்றேன். இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னார். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். பாயசம் வந்தபோது மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் இன்னும் பாயசத்தை முடிக்கவில்லை. அவன் எழுந்து, தன் இலையை மடித்துக் கையில் எடுத்தான். மேசையில் சிந்திய பருக்கைகளையும் புறங்கையால் வழித்துக்கொண்டான்.

முன்கூடத்தில் யாரும் தன் இலையைத் தொடுவதில்லை. எடுக்க ஆள் இருந்தது. பிறந்தது முதல் பழகிய கைக்கு அது தெரியவில்லை. சுற்றிலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி இலையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் வந்தார்.

"கிராணி, யாருங்க இது?"

என் நண்பன் என்று சொல்லியிருக்கலாம். மிஞ்சிப்போனால் நான் வேறு கடை பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் என் நாற்காலியை அவனிடமிருந்து நகர்த்திக்கொண்டேன்.

"எனக்கென்னங்க தெரியும்? சித்தப்பா மவன்னு சொல்லிக்கிட்டு வந்தான், நம்பிட்டேன்."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமாங்க மொதலாளி, நாந்தான் அவர ஏமாத்திட்டேன்" என்றான். இலையோடு கொல்லைப்பக்கம் போனான். யாரும் சொல்லாமலே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, தான் உட்கார்ந்த நாற்காலியையும் மேசையையும் கழுவினான். தண்ணீர் என் பக்கம் ஓடிவந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். இன்றைக்கும் நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வாளியை வைத்துவிட்டு வாசல் வழியே போய்விட்டான். சொல்லிக்கொள்ள வந்தவன்தான். தெரியாத ஆளிடம் எப்படிச் சொல்லிக்கொள்வான்? மறுநாள் கப்பல்.

"பாவம் கிராணி, நல்லா ஏமாந்துட்டீங்க" என்றார் முதலாளி. என்னை வேறு மேசையில் உட்காரவைத்துப் புது இலை போட்டு, முதலிலிருந்து பரிமாறச் சொன்னார்.

நான் சாப்பிட்டேன்.