பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

உங்கள் வீட்டு அடுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்க உங்களால் முடியுமா? முடியும் என்று சொல்வதற்கு முன் எழுந்துபோய் ஒரு முறை முயன்று பாருங்கள். டைப் அக்காவுக்கு அது அன்றாடப் பாடு.

செய்தித்தாள் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் என்பதால் தெருவே அவரை அப்படித்தான் அழைக்கும். நிருபர்கள் தாங்களே கணினியில் எழுதத் தொடங்கியதும் அந்த வேலை போனது. பிறகு சர்க்கரை நோய் அவர் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தீர்த்தது. முன்வினை என்று ஆறுதல் சொல்ல வந்த உறவுக்காரரை அக்கா விடவில்லை. "வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேரத்துக்கு டாக்டர்கிட்ட போகல. நீங்களாவது போய்க் காட்டிக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்.

புதுப் பொருள்கள் மேல் அவருக்குக் கோபம் கிடையாது. காலையில் கைபேசி அவருக்குச் செய்தி வாசிக்கும், அதுவும் தலைதெறிக்கும் வேகத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. நடுநடுவே நிறுத்தி, உலக நடப்பை அக்காதான் அவருக்கு விளக்க வேண்டும். கணவர் வீட்டு முன்னறையில் மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பவர். ரேடியோவை யாரும் கொண்டுவந்து பல காலமாகியும் அவர் பெயர் ரேடியோக்காரர்தான்.

மகள் பாசத்தோடுதான் அந்த இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கித் தந்தாள். நெருப்பு இல்லாததால் அம்மாவுக்குப் பாதுகாப்பு என்று நினைத்தாள். பழைய அடுப்பில் திருகு இருந்தது. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். இதிலோ வழுவழுவென்று ஒரே கண்ணாடி. எதைத் தொட்டாலும் ஒரே 'பீப்'. வந்த சில நாளிலேயே தேநீர்ப் பாத்திரம் கருகியது. மகள் பதறிப்போய், இனி அம்மா சமையலறைப் பக்கமே போக வேண்டாம், ஆள் வைத்துவிடலாம் என்றாள்.

கல்யாணமான நாள்முதல் காலைத் தேநீர் அக்கா கையால்தான். ரேடியோக்காரர் போட்டால் அதற்கு வெந்நீர் என்று பெயர். அந்தக் கேலியும் சேர்த்துத்தான் இப்போது பறிபோகப் பார்த்தது.

அன்று ரேடியோக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் பசைக் குழாயோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு பொத்தான் மேலும் ஒரு துளி வைத்தார். காய்ந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்தார். விரல்கள் புள்ளிகளைத் தேடி நகர, அடுப்பு கத்தியது, அணைந்தது, மறுபடி கத்தியது. அவர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"கொசு கடிச்ச கன்னம் மாதிரி இருக்குங்க" என்று சிரித்தார் அக்கா. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ரேடியோக்காரர் துளிகளைச் சுரண்டத் தொடங்கினார். அக்கா அடுப்பின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, முன்னாடி இந்த ஓரத்தைத் தொட்டப்ப அது கத்தலையே."

"அது வெறும் விளிம்பு. உள்ளே ஒண்ணும் கிடையாது."

"அப்ப புள்ளியை இங்க வைங்க. காலிங்பெல்லைத் தேடும்போதே மணி அடிச்சா எப்படி? விளிம்புல தேடிக்கிறேன், அங்கேருந்து விரலை நேரா மேலே ஏத்தி அழுத்திக்கிறேன். எல்லாத்துக்கும் வேணாம். கீபோர்டுல எல்லா எழுத்துலயுமா மேடு வச்சிருக்கான்? ரெண்டுலதான். மிச்சத்தை விரல் பாத்துக்கும்."

கண்ணுள்ளவரின் தப்பு ரேடியோக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பார்ப்பவருக்குத் தேடுவது வேறு, அழுத்துவது வேறு. விரலால் தேடுபவருக்கு இந்தக் கண்ணாடி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

மகள் அடுத்த முறை கைக்குழந்தையோடு வந்தபோது சமையலறை வாசலிலேயே நின்றாள். அக்கா விளிம்பைத் தடவினார், விரலை ஏற்றினார். ஒரே ஒரு 'பீப்'. தேநீர் கொதித்தது, அளவாக அடங்கியது. மகள் வாங்கிக் குடித்தாள். ஆள் வைக்கும் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை. கிளம்பும்போது அப்பாவிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "எங்க வாஷிங் மெஷினுக்கும் இப்படிப் புள்ளி வச்சுத் தர்றீங்களாப்பா? இவளை இடுப்புல வச்சுக்கிட்டு குனிஞ்சு பாக்க முடியல."

ரேடியோக்காரர் அடுப்பு செய்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, விளிம்பில் மேடு வைக்கச் சொன்னார். மேடு வைத்தால் கண்ணாடியின் அழகு கெட்டுவிடும் என்றார்கள். யார் கண்ணுக்கு அழகு? அந்தக் கண்ணாடி வானத்திலிருந்து விழவில்லை. ஒருவர் மேசை முன் உட்கார்ந்து, வாங்குகிற எல்லோருக்கும் கண் தெரியும் என்று தீர்மானித்தார். மனிதர் தீர்மானித்ததை மனிதர் மாற்றலாம்.

அடுத்த முறை அடுப்போ சலவை இயந்திரமோ வாங்கப் போனால், கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு அதை இயக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்று மற்றவர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வாருங்கள்.