தன்னையே திருப்பி அனுப்பியவர்

சிங்காநல்லூர் நூல் மில் ஒன்றின் குடோன் பொறுப்பாளர் அவர். படிய வாரிய தலை, சட்டைப்பையில் இரண்டு பேனா. தொண்ணூறுகளில் அந்த மில்லுக்கு நான் எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு கோளாறு. உள்ளே நுழைய ஒரே பெயரைச் சின்ன ஆங்கில எழுத்தில் அடித்தால் ஓர் ஆள், பெரிய எழுத்தில் அடித்தால் இன்னோர் ஆள். லாரிச் சரக்கைப் பதிபவர் வேறு, சரிபார்ப்பவர் வேறாக இருக்க வேண்டும் என்பது மில் விதி. குடோனில் இருந்ததோ இவர் ஒருவர். கோளாறு கைகொடுக்க, இவரே இரண்டு பேராகிவிட்டார்.

கோளாறைச் சரிசெய்யப் போனபோது நேரிலேயே பார்த்தேன். சின்ன எழுத்தில் நுழைந்து சோமனூர் லாரியைப் பதிந்தார். பிறகு குழாயடியில் முகம் கழுவி, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, லாரியில் ஏறி மூட்டைகளைப் பார்த்தார். திரும்பி வந்து, பெரிய எழுத்தில் நுழைந்து, அந்தப் பதிவை நிராகரித்தார்.

“ஏனுங்க, நீங்க அடிச்சதுதானுங்களே?”

“அந்தாளு அவசரக்காரனுங்க. மூட்டையப் பாக்காமயே நாப்பதாம் நம்பர் நூலுன்னு அடிச்சுப்போட்டான். ஏறியிருக்கறது அறுபதுங்க.” நிஜமாகவே கோபப்பட்டார்.

“இனி எப்படி அடிச்சாலும் நீங்க ஒருத்தர்தானுங்க. அதுக்குத்தான் வந்தேன்.”

“அப்பறம் என்னைய யாருங்க பாக்கறது?”

கோளாறை நீக்கிவிட்டேன். சரிபார்க்க ஓர் அதிகாரியைப் போட்டார்கள்.

அடுத்த மாதம் போனபோது, அந்த அதிகாரி நாற்காலியை விட்டு எழாமலே ஒவ்வொரு லாரிக்கும் ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தார். நம்மவர் முகம் கழுவி, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, லாரியை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.