இலை இல்லாத மாதத்தில் போட்ட கையெழுத்து

மலேசியாவில், இபோ நகரத்து ஓரமாக இருக்கும் சிலிபினில் தர்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஐம்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, முப்பது வருடமாக ஏணியும் ஒயரும்தான் பிழைப்பு. இபோவில் ஒரு குத்தகைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். ஆம்புலன்ஸுக்கும் மீட்பு வண்டிகளுக்கும் இருந்த பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும் வேலை அந்தக் கம்பெனிக்குக் கிடைத்தபோது, வீட்டில் கேசரி கிண்டச் சொன்னவர் அவர். "இனிமே நாம போடுற செட்டுதான் மங்களம், ஊரையே காப்பாத்தும்" என்று பெண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டார்.

பீற்றிக்கொள்ள நியாயம் இருந்தது. பழைய செட்டுக்கு இருபத்தைந்து வயது. அதில் பேசினால் கடலை வறுக்கிற சத்தத்துக்கு நடுவில்தான் ஆள் குரல் வரும். புதியதில் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்கும். ஒரே ஒரு குணம்தான் வேறு. பழையது எவ்வளவு மோசமான இடத்திலும் முனகிக்கொண்டாவது கிடக்கும். புதியதோ, கேட்டால் கேட்கும், கேட்காவிட்டால் ஒரு சத்தமும் இருக்காது.

அதனால்தான் பரிசோதனை வைத்தார்கள். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் நேரில் போய் நின்று, இபோ கட்டுப்பாட்டு அறையோடு பேசி, ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, கையெழுத்தும் போட வேண்டும். பதினாலாங்கட்டைத் தோட்டம் இருந்த கட்டம் தர்மாவுக்கு வந்தது. வராவிட்டாலும் கேட்டு வாங்கியிருப்பார். அவர் பிறந்து வளர்ந்தது அங்கே, வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், மூன்றாவது லயத்தில். தோட்டத்தை விற்றுப் பத்து வருடமாகிறது. வாங்கியவன் மரத்தை வெட்டவும் இல்லை, பால் எடுக்கவும் இல்லை. ரப்பர் மரங்கள் காடாக மண்டிக் கிடக்கின்றன. அதற்குள்ளே பதினெட்டுக் குடும்பங்கள், தருவதாகச் சொன்ன மலிவு வீட்டுக்காக இன்னும் காத்திருக்கின்றன.

பிப்ரவரி மாதம், நல்ல வெயில். தர்மா லயத்து வாசலில் நின்று பேசினார். இபோ கணீரென்று பதில் சொன்னது. ஐந்துக்கு ஐந்து போட்டார், கையெழுத்தும் போட்டார், அங்கேயே இன்னும் குடியிருக்கும் வீரம்மா அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினார்.

அட மடையா! பிப்ரவரி என்றால் ரப்பர் மரம் இலை கொட்டுகிற மாதம் ஆயிற்றே. அந்தத் தோட்டத்தில் பிறந்த பச்சைப்பிள்ளைக்குக்கூட அது தெரியும். இலை கொட்டினால் பால் குறையும், பால் குறைந்தால் சம்பளம் குறையும். அந்த இரண்டு மாதமும் தர்மாவின் அம்மா கஞ்சியில் தண்ணீரைக் கூட்டுவாள். அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்த மனிதர், மொட்டை மரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஊர் தெரியாத வெள்ளைக்காரனைப் போல ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மே மாதம் தோட்டத்துக் காளியம்மன் திருவிழா. தர்மா சோதனைச் செட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கோயிலடியில் பழைய கூட்டாளிகள் சூழ்ந்ததும் கை அரித்தது. "பாருங்கலா, இப்ப இபோ பேசும்" என்று பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினார். தட்டிப் பார்த்தார்.

"என்னலா தர்மா, ஒன் இபோ தூங்குதா?" என்றாள் வீரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். தர்மாவும் சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். மத்தியான மழையில் நனைந்த இலைகள், வானம் தெரியாமல் அடைத்துக்கொண்டு நின்றன. புது ரேடியோவின் அலைக்கு ஈர இலை ஆகாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் எழுதிக்கூட வைத்திருந்தார்.

மறுநாளே திட்ட அதிகாரி ஸ்கந்தராஜா முன்னால் போய் நின்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சட்டையில் சுருக்கம் விழாத மனிதர், குரலை உயர்த்தியதே கிடையாது.

"நீர் சொல்லுறது எனக்கு விளங்குது, தர்மா. ஆனா ஒப்பம் உம்முடையதெல்லோ? ஐந்துக்கு ஐந்து எண்டு போட்டிருக்கிறீர்."

"தப்பா போட்டுட்டேன் சார். மறுபடி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஒரு சின்னக் கம்பம் போட்டா போதும்."

"சும்மா எழுதேலாது. ஒரு அவசர அழைப்பு போய்ச் சேராமல் விட்டது எண்டு பதிவு இருந்தாத்தான் மறுபரிசோதனை. அதுவும் ஒக்டோபர் முடியிறதுக்குள்ள. பிறகு கணக்கு மூடிப்போடும்."

"அப்ப யாராவது சாகணுமா சார்?"

"அப்பிடிச் சொல்லாதையும்" என்றார் ஸ்கந்தராஜா. அவருக்கும் முகம் வாடிவிட்டது. ஆனால் விதி விதிதான்.

ஜூனில் வண்டிகளிலிருந்து பழைய செட்டுகளைக் கழற்றினார்கள். கழற்றியவர்களில் தர்மாவும் ஒருவர். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மழை பெய்கிற சாயங்காலமெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பதினாலாங்கட்டைக்குப் போவார். எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று அடி அடியாக நடந்து குறிப்பார். ரப்பர் உலர்த்திய, இப்போது இடிந்து கிடக்கும் புகைக்கொட்டகை மேட்டில் கேட்டது. மேட்டைத் தாண்டி லயம் வரைக்கும் எழுநூறு மீட்டரில் ஓர் இடத்திலும் கேட்கவில்லை. நான்கு கடிதம் எழுதினார். நான்குக்கும் ஒரே பதில்தான் வந்தது.

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?" என்று மங்களம் அழுதாள். பிடித்துத்தான் இருந்தது.

அக்டோபர் இரண்டாவது வியாழன், மத்தியானம் மூன்று மணி. இடி இடித்துக் கரண்ட் போனது, அதோடு கைப்பேசி கோபுரமும் படுத்துவிட்டது. தர்மா மேட்டில் மழைக்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். சேற்றில் விழுந்து எழுந்து வீரம்மா ஓடி வந்தாள்.

"தர்மா, மாமா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சிட்டாருலா! ஐயோ, எதாவது செய்யி!"

அவள் புருஷன் அப்பாவு. தர்மாவுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தர்மா மேட்டிலிருந்தே இபோவைக் கூப்பிட்டார். அரை மணியில் ஆம்புலன்ஸ் வந்தது. தல்ஹா என்கிற மருத்துவ உதவியாளப் பையன், ஓட்டுநர் என்று இரண்டே பேர். வாய்க்கால் பாலத்தில் பலகை போயிருந்தது. வண்டி அந்தப் பக்கம் போகாது. தல்ஹா பையைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஓடினான். தர்மா பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போனார்.

"அண்ணே, செட்டு செத்துப்போச்சு! டாக்டரக் கேக்காம ஊசி போட முடியாது. ஆளத் தூக்க மீட்பு லோரியும் வேணும்!"

"குடு இங்க." தர்மா அவன் கையிலிருந்த வண்டியின் கைச்செட்டை வாங்கிக்கொண்டு பறந்தார். சோதனைச் செட்டில் ஆஸ்பத்திரி டாக்டரின் அலைவரிசை கிடையாது, வண்டிச் செட்டில்தான் உண்டு. மேட்டில் நின்று, "ஏழாம் வண்டி பேசுது" என்று ஆரம்பித்தார். வண்டி பெயரில்தான் பேச வேண்டும், அதுதான் முறை. டாக்டர் நாடித்துடிப்பு கேட்டார். தர்மா லயத்துக்குத் திரும்பி ஓடினார். அதைச் சொன்னதும் இரத்த அழுத்தம் எவ்வளவு என்றார். மறுபடி ஓடினார். சர்க்கரை நோய் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? மூன்றாவது தடவை மோட்டார் சைக்கிள் சறுக்கி முழங்கால் கிழிந்தது. அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். "காளியாத்தா, நான் போட்ட கையெழுத்துக்கு இவர எடுத்துக்காத" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே ஓடினார். ஊசி போட்டார்கள். லோரி வந்தது. ஆறு பேர் சேர்ந்து அப்பாவுவைத் தூக்கிப் பாலத்தைக் கடத்தினார்கள்.

அப்பாவு பிழைத்துக்கொண்டார். தர்மா அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒன்றுக்கு இரண்டு நன்மை என்று மனசு சொன்னது. ஆளும் பிழைத்தார், செட்டு செத்ததும் தெரிந்துவிட்டது; இனி மறுபரிசோதனை வந்துவிடும்.

எங்கே வந்தது? திங்கட்கிழமை ஸ்கந்தராஜா கூப்பிட்டு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். 'ஏழாம் வண்டி பேசுது. பதினாலாங்கட்டைத் தோட்டம்.' தர்மாவின் குரல்தான், ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டது. ஒன்பது அழைப்பு, ஒன்பதும் போய்ச் சேர்ந்திருந்தன. லயத்திலிருந்து தல்ஹா அழுத்திப் பார்த்தது அறைக்கே போகாததால் பதிவிலும் இல்லை.

"மேலிடத்தில சந்தோசப்படுகினம், தர்மா. ஏழாம் வண்டி தோட்டத்துக்குள்ளயிருந்து பேசி ஒரு உயிரைக் காப்பாத்தினது எண்டு."

"சார், நான் மேட்டுக்கு ஓடி ஓடிப் பேசினேன் சார்!"

"நான் நம்புறன். ஆனா நீர் அதை எழுதினா, அரசாங்கச் செட்டை வெளியாளிட்ட குடுத்தது எண்டு அந்தப் பெடியனுக்கு வேலை போகும்." மேசைமேல் ஒரு தாளைத் தள்ளினார். தோட்டத்துக் கட்டத்தில் குறை ஒன்றும் இல்லை என்று பரிசோதித்தவரே மறுபடி கையெழுத்திட்டுத் தர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள். அடுத்த திங்கள் முதல் தர்மாவின் குழு தொலைவில் கடலோரத்து லூமுட்டுக்குப் போகிறது.

அன்றிரவே தல்ஹா போன் பண்ணினான். "அண்ணே, ஒங்களுக்கு எது சரின்னு படுதோ செய்ங்க. வீட்டுக்காரி ஷப்னம் மாசமா இருக்கா, அத மட்டும் சொல்லிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, தாளைப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பாவு கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கையை அசைத்தார். வீரம்மா முகம் நிறையச் சிரிப்பு.

"மழ முடியிற வரைக்கும் கமுந்திங்ல மக வீட்டுல இருக்கலாம்னு சாமானெல்லாம் கட்டிட்டேன். இப்ப போகல. இங்கயே இருக்கோம்."

"ஏன் அக்கா?" என்றார் தர்மா.

"அதான் ஒன் ரேடியோ இருக்கே."

"அக்கா, அத நம்பாதீங்க. அது இங்க வேல செய்யல. நான்தான் ஓடினேன்."

"எனக்குத் தெரியாதாலா? நான்தானே பாத்தேன், நீ சேத்துல விழுந்து எந்திரிச்சி ஓடுனத." அவள் அவர் முழங்கால் கட்டைப் பார்த்தாள். "ரேடியோ போனா போவுது. நீ இருக்கியே. மழ பேஞ்சா வந்துடுவியே."

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் லூமுட்ல, அக்கா."

வீரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலைப் பார்த்தாள். அக்கம்பக்கத்து வாசல்களைப் பார்த்தாள். எல்லா வாசலிலும் வயசானவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப யாரு ஓடுவா, தர்மா?"

தர்மா வாசல் பலகையில் உட்கார்ந்து தாளை எடுத்து முழங்காலில் விரித்தார். குறை ஒன்றும் இல்லை என்று அச்சடித்திருந்த வரியைக் குறுக்கே அடித்தார். கீழே எழுதினார்: 'பிப்ரவரியில் நான் போட்ட கையெழுத்து தவறு. சென்ற வாரம் வியாழக்கிழமை ஆம்புலன்ஸ் ஊழியர் நோயாளியோடு இருந்தபோது, அவரைக் கேட்காமல் செட்டை நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். தோட்டத்துக்குள்ளிருந்து ஓர் அழைப்பும் போகவில்லை. குற்றம் முழுக்க என்னுடையது.'

இதற்கு வேலை போகும். அதற்கு மேலும் வரலாம். மங்களத்திடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டார். இம்முறை மரத்தில் இலை இருந்தது.