நிறுத்தாத தறி

போன வருடம் ஆடி மாதம், ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மேஸ்திரியோடு ஒத்துவரவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாதி வழி லாரி, மீதி நடை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். இப்படிக் கிளம்புவது புதிதில்லை.

சாலையோரம் ஒரு வீட்டை ஒட்டி விசைத்தறி ஓடும் சத்தம் கேட்டது. முன்பு பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியிருக்கிறேன் என்பதால் வேலை கேட்கப் போனேன். வீட்டுக்காரர் வாசலில் நூல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறேன் என்பதைச் சொல்லி, வேலை உண்டா என்றேன்.

"ஆத்தூர்ல இருந்து நடந்தா வாறீங்க? பஸ்ஸுக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் சண்டைங்களா?" என்று சிரித்தார். "வேலை இல்லீங்க. உள்ள போய்த் தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

உள்ளே அவர் மனைவி தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் சொம்போடு மூலையில் உட்கார்ந்தேன். பள்ளி விட்டு வந்த மகள், சீருடையோடு நேராக அம்மாவின் எதிரில் போய் நின்றாள்.

தறிக்கூடத்தில் காதால் எதுவும் கேட்காது. தறிக்காரர்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் விட்டுப்போகவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றுவதற்குள் பாதி புரிந்துவிட்டது. போனில் விளையாடும்போது பழகிய யாரோ, தன்னையும் பள்ளி மாணவி என்று சொல்லி, இவள் படம் ஒன்றை வாங்கியிருக்கிறான். இன்னும் படம் அனுப்பு, இல்லாவிட்டால் இதையே அசிங்கமாக மாற்றி ஊருக்கெல்லாம் காட்டுவேன் என்று மிரட்டுகிறான்.

அப்போது தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் அறுந்தன. தறியை உடனே நிறுத்தாவிட்டால் துணி பாழ். நான் எழுந்தேன். அந்த அம்மா மகள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வேண்டாம் என்று எனக்குக் கை காட்டினார். சத்தம் நின்றால், வாசலில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்டுவிடுமே என்று மகள் பேச்சும் நின்றுவிடும் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. துணி கெட்டுக்கொண்டே போனது. அவள் சொல்லி முடித்தாள்.

வீட்டுக்காரர் உள்ளே வந்து தறியை நிறுத்தினார். "ஏம்புள்ள, கண்ணு எங்க இருக்குது?" என்றார் மனைவியிடம்.

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். வீட்டுக்காரர் முகம் மாறியது.

"போனைக் கொண்டா, அடுப்புல போடறேன். நாளையில இருந்து பள்ளிக்கோடம் வேண்டாம். ஊட்ல உக்காந்து தார்க்குச்சியில நூல் சுத்தட்டும்."

மகள் அம்மாவின் பின்னால் ஒதுங்கினாள்.

"போனைப் போட்டா அவன் வெந்துருவானுங்களா?" என்றார் அம்மா. "நம்மகிட்ட இருக்கிற சாட்சியே அதுதானுங்க. பயந்துக்கிட்டு வந்து சொன்ன புள்ளைக்குத் தண்டனை குடுத்தீங்கன்னா, இனி எதை நம்மகிட்டச் சொல்லுவா?"

அவர் என்னைப் பார்த்தார், ஏதோ நான் தீர்ப்பு சொல்வேன் என்பதுபோல. எனக்கு என்ன தெரியும்? "அம்மா சொல்றது சரிதானுங்க" என்றேன்.

குழந்தைகள் உதவி எண் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்று மகள் மெதுவாகச் சொன்னாள். அம்மாவே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். எதையும் அழிக்க வேண்டாம், அவனுக்குப் பதிலும் அனுப்ப வேண்டாம், போனோடு போய் சைபர் போலீசில் புகார் கொடுங்கள், பிள்ளையின் பெயர் வெளியே வராது என்று மறுமுனையில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னார். வீட்டுக்காரர் அதைக் கேட்டபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மகளிடம், "சாப்ட்டயா சாமி?" என்றார்.

இருட்டிவிட்டதால் என்னைத் தறிக்கூடத்திலேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுநாள் காலை மூவரும் நாமக்கல் கிளம்பினார்கள். புகார் கொடுத்துவிட்டு அப்படியே பள்ளிக்குப் போகலாம் என்று மகள் சீருடையில் இருந்தாள். புத்தகப் பையை அப்பா தோளில் மாட்டியிருந்தார். "வர்ற வரைக்கும் தறியைப் பாத்துக்குவீங்களா?" என்றார். சரி என்றேன்.

அப்படித்தான் அந்த வேலை கிடைத்தது. ஒரு பிள்ளை வாய் திறக்கும்போது கையிலிருக்கும் வேலை கெட்டாலும் கெடட்டும் என்று நிற்கத் தெரிய வேண்டும் என்பதை, அந்தத் தறியை ஓட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.