இரத்தோட்டை வேலியைப் பார்க்கப் போன மூன்று நாள்

வியாழக்கிழமை, காலை 5.40. கொழும்பு கோட்டை நிலையத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறியதும் பையைத் திறந்து சரிபார்த்தேன். நூறடி அளவு நாடா ஒன்று. மட்டப் பலகை ஒன்று. சிவப்புக் கொடி, பச்சைக் கொடி. இருபத்திரண்டு கேள்விகள் தட்டச்சிட்ட தாள், ஆறு பிரதி. எல்லாம் இருந்தன. ஆனாலும் கண்டி வருவதற்குள் நான்கு தடவை திறந்து பார்த்துவிட்டேன். பொருள் தொலைந்துவிடும் என்ற பயம் அல்ல.

நான் தொழினுட்பக் கல்லூரியில் வரைபடம் படித்தவள். பகலில் ஒரு பொறியியல் கந்தோரில் வேலை. மிச்ச நேரத்தில் ஒரு மோட்டார் பந்தயச் சங்கத்துக்கு ஓடுபாதை வரைந்து கொடுக்கிறேன். அந்தச் சங்கம் மாத்தளை மாவட்டத்தில் பதினான்கு முதல் பதினேழு வயதுப் பையன்களுக்கு ஓர் இளையோர் ஸ்பீட்வே லீக் தொடங்குகிறது. தம்புள்ளை, கலேவெல, இரத்தோட்டை என்று மூன்று அணி. ஒவ்வோர் அணிக்கும் சொந்த ஊரில் ஒரு பாதை வேண்டும். பாதை இல்லாத அணிக்கு லீக்கில் இடம் இல்லை. படம் நான் வரைந்து அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. ஊரார் அதைப் பார்த்துக் கட்டி முடித்துவிட்டார்கள். இனி நான் போய், "இங்கே பிள்ளைகள் ஓடலாம்" என்று கையெழுத்திட வேண்டும்.

ஸ்பீட்வே பார்த்திராதவர்களுக்கு: முட்டை வடிவ மண் பாதை. நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமே திரும்புவார்கள். வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடக்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவார்கள். மோட்டார் சைக்கிளில் பிரேக் கிடையாது. முன்னால் போகிறவன் சட்டென்று நின்றால் பின்னால் வருகிறவன் ஏறிவிடுவான் என்பதால் கழற்றிவிடுகிறார்கள். காரணம் சரியானதுதான். பத்துத் தடவை விளங்கப்படுத்தியிருக்கிறேன். பத்துத் தடவையும் எனக்கே அது போதவில்லை.

பொல்காவலையில் ஏறிய ஓர் அம்மாள் என் பையைப் பார்த்து, "மிட்வைஃபா புள்ள?" என்றார்.

"இல்லைங்க. மோட்டார் சைக்கிள் ஓட்டுற பாதை அளக்கப் போறேன்."

"அதுக்கும் பொம்பளப் புள்ளையத்தான் அனுப்புறாங்களா? விழுந்தா யாரைக் கேப்பாங்க?"

"என்னைத்தான்."

அவர் மடியிலிருந்த வாழைப்பழத்தில் ஒன்றைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

காலை 11.30, மாத்தளை. நிலையத்து வாசலில் நூர்தீன் நானா வேனுடன் நின்றார். பட்டணத்தில் கராஜ் வைத்திருப்பவர். லீக்கை ஓடியாடி அமைப்பவரும் அவர்தான். நன்றாக ஓட்டும் பையன்களைத் தன் கராஜில் வேலை பழக எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள்.

"மிஸ், மொதல்ல சோறு. பொறவு பயப்படுவோம்," என்றார். என் முகத்தில் அது அவ்வளவு தெரிந்தது போலும்.

பிற்பகல் 3.15, தம்புள்ளை. மாத்தளையிலிருந்து இருபத்தெட்டு மைல். பழைய செங்கல் சூளை இருந்த வெளியில் பாதை போட்டிருந்தார்கள். செங்கல் தூளும் மணலும் கலந்த மேல்மண், நல்ல பிடிப்பு. எட்டாவது கேள்வி வரை சரி போட்டேன். ஒன்பதாவது கேள்வி, வளைவுக்கு வெளியே முப்பதடிக்குள் பள்ளம் உண்டா என்பது. பதினெட்டாவது அடியில் ஒரு கிணறு இருந்தது. சுற்றுக்கட்டு இல்லை, புல் மூடியிருந்தது. நாடாவைப் பிடித்துக்கொண்டு பின்நோக்கி நடந்த நான் விளிம்பில்தான் நின்றேன்.

"அதுல விழுறவனுக்குத் தண்ணிக்காவது பஞ்சமில்ல," என்றார் நானா.

நான் சிரிக்கவில்லை. அன்று மாலையே தென்னங்குற்றிகளை அடுக்கி, மேலே மண் போட்டு மூட வைத்து, அதன்மேல் ஏறி நின்று பார்த்து, மீதிக் கேள்விகளையும் முடித்த பிறகுதான் கையெழுத்திட்டேன். இரவு மாத்தளையில் கன்னியர் மடத்து விடுதியில் படுத்தபோது, கிணற்றைக் கண்டது என் நாடாவா, என் காலா என்ற கேள்வி வந்தது. காலாக இருந்தால், என் தாளை நம்பி என்ன பயன்?

வெள்ளிக்கிழமை, கலேவெல. நானாவுக்கு ஜும்ஆ இருந்ததால் தொழுகை முடியும்வரை நான் ஒரு தேநீர்க் கடையில் காத்திருந்தேன். பிளேன்டீ பத்துச் சதம், ஒரு துண்டு கருப்பட்டியுடன். பாதை அறுவடை முடிந்த வயல்பக்கம். வேலிக்குப் பதிலாக வைக்கோல் கட்டுகளை மூன்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அணித் தலைவன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து அதில் தலைகீழாகப் பாய்ந்து எழுந்து காட்டினான். இருபத்திரண்டும் சரி. மாத்தளை திரும்பும் வழியில் முதல் தடவையாகப் பசித்தது.

சனிக்கிழமை, காலை 6.30. நானா மோட்டார் சைக்கிளை வேனில் ஏற்றி வர வேண்டியிருந்ததால் நான் பஸ்ஸில் போனேன். மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்கு ஏழரை மைல், முப்பத்தைந்து சதம். பாதை நெடுகிலும் மிளகுக் கொடி ஏறிய மரங்கள், வலப்பக்கம் பள்ளம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டுநர் ஹோர்ன் அடித்துவிட்டு, பதில் வருமுன்பே திருப்பினார். என் பக்கத்தில் இருந்தவர்கள் தூங்கினார்கள்.

7.20. ஓடுபாதை கடைவீதிக்கு மேலே, தேயிலை தொடங்கும் இடத்தில் ஒரு சமதரை. தேயிலைத் தொழிற்சாலை அடுப்புச் சாம்பலைக் கொட்டி இறுக்கியிருந்தார்கள். அங்கே சேவியர் நின்றான். பதினைந்து வயது, தோட்டத்துப் பையன், இரத்தோட்டை அணியின் முதல் ஓட்டக்காரன். பௌத்தர்களின் புனித நாளான அடுத்த போயாவுக்கு இங்கே முதல் போட்டி. ஞாயிறை வேலைநாளாக்கிப் போயாவுக்கு விடுமுறை கொடுக்கத் தொடங்கியபின் கூட்டம் சேர்வது அன்றுதான். பக்கத்தில் அவன் தாய் அந்தோணியம்மா, பெற்றோர் சம்மதப் படிவத்தை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"அரைப் பேருதான் கெடைக்கும்னு கங்காணி சொல்லிட்டாரு, பரவாயில்லன்னு வந்துட்டேன்," என்றார். அரைநாட் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். "நீங்க பாத்துச் சொல்லுங்க மிஸ். நீங்க போட்டா நானும் போடுறேன்."

"அம்மாவுக்கு நான் நடந்தாலே பயம் மிஸ்," என்றான் சேவியர்.

"ஒனக்கு அப்பன் மாதிரி வாய் மட்டும் பிரேக் இல்லாம ஓடுது."

இரண்டு வளைவுகளின் வெளிப்புறமும் வேலி. அதைப் பார்த்ததும் அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். சாக்குத் துணி தொங்கவிட்ட கம்புகளின் தலையில் எல்லாம் இளம்பச்சை இலை. முள்முருக்குக் கம்புகள்.

"முழுக்க நான் நட்டது," என்றான் சேவியர். "எல்லாம் துளுத்துருச்சி பாத்தீங்களா? மூணே மூணுதான் பட்டுப்போச்சு. அத புடுங்கிட்டு வேற நடலாம்னு பாத்தேன். மிஸ் வந்து பாக்கட்டும்னு நானா சொல்லிட்டாரு." அந்த மூன்றையும் சொல்லும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் கம்பு நட்டுத் துளிர்க்காவிட்டால் நட்டவனுக்குக் கை ராசி இல்லை என்று கேலி பண்ணுவார்களாம்.

அளந்தேன். உயரம் நான்கடி, சரி. இடைவெளி எட்டடி, சரி. ஆழம் ஓரடி, சரி. பதினேழாவது கேள்வி: "கம்புகள் பச்சைக் கம்புகளா?" காய்ந்த காட்டுமரம் முறிந்தால் ஈட்டிபோல் குத்தும்; பச்சைக் கம்பு ஓரடி ஆழத்தில் லேசாக நின்றால், ஓட்டக்காரன் மோதியதும் சாய்ந்து கொடுக்கும். அதற்காக நானே எழுதிய கேள்வி. ஆம் என்று சரி போட்டேன். தாளில் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ விட்டுப்போனதுபோல் இருந்தது. சுற்றுமுற்றும் கிணறு தேடினேன். கிணறு இல்லை.

8.40. நானா வந்து சேர்ந்தார். சோதனை ஓட்டம், ஓர் ஆள், நான்கு சுற்று. சேவியர் ஹெல்மெட் பட்டையை இறுக்கினான். பச்சைக் கொடியைக் காட்டியது நான்.

முதற் சுற்று நிதானம். இரண்டாவதில் வளைவில் சாம்பல் விசிறிபோல் எழுந்தது. மூன்றாவதில் அந்த விசிறி சட்டென்று நின்றது. பின்சக்கரம் சாம்பலை விட்டுக் கீழிருந்த களிமண்ணைப் பிடித்துவிட்டது. மோட்டார் சைக்கிள் நிமிர்ந்து, இடப்பக்கம் திரும்பாமல் நேரே வேலிக்குப் போயிற்று. என் கை சிவப்புக் கொடியைத் தூக்கியது. அதைப் பார்த்து அவன் என்ன செய்ய முடியும்? நிறுத்துவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. அவன் சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு, முதுகில் சறுக்கிக்கொண்டு போய் வேலியில் மோதினான். படார் என்று ஒரு சத்தம். சாக்கு கிழிந்து மூடிக்கொண்டது. வேலிக்கு அப்பால் தேயிலைச் செடிகள் ஆடி நின்றன.

எனக்கு முன்னால் அந்தோணியம்மா ஓடினார். நான் எட்டும்போது சேவியர் செடிகளுக்குள் உட்கார்ந்திருந்தான். முழங்கை உரிந்து இரத்தம், வேறொன்றும் இல்லை.

"நானா, சைக்கிளுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றான்.

தாய் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு அதே இடத்தைத் தடவினார்.

நான் வேலியைப் பார்த்தேன். அவன் மோதிய கம்பு உளுத்த அடியோடு முறிந்து கிடந்தது. இலை இல்லாத கம்பு. பட்டுப்போன மூன்றில் ஒன்று. அதற்கு இடப்பக்கத்துக் கம்பை ஒரு கையால் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். வலப்பக்கத்தது, அப்படியே. நானா வந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார், இலைதான் நடுங்கியது. நட்ட நாளிலிருந்து பெய்த மழையில் வேரோடிவிட்டது. அது இப்போது வேலிக்கம்பு அல்ல, மரம்.

இரண்டு வளைவையும் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அறுபத்து நான்கு கம்பு. அறுபத்தொன்று மரம். எட்டடிக்கு ஒன்றாக நின்ற மரங்களுக்கு நடுவே, மோதினால் முறிந்து கொடுக்கக்கூடிய கம்புகள் மூன்றுதான் இருந்தன. அதில் ஒன்றில் மோதியிருக்கிறான். நானா தடுத்திராவிட்டால், வெட்கப்பட்டு என்றைக்கோ அந்த மூன்றையும் பிடுங்கிப் புதுக்கம்பு நட்டிருப்பான்; அவையும் வேர்விட்டிருக்கும்.

அந்தோணியம்மா எதிரே வந்து நின்றார். படிவம் இன்னும் கையில்.

"இது என் தப்பு அம்மா," என்றேன். "பச்சைக் கம்பு நடச் சொல்லிப் படத்தில் எழுதியது நான். இந்த மண்ணில் அது வேர்விடும்னு எனக்குத் தெரியல. இன்னைக்கும் தொட்டுப் பாக்காமலே கொடி காட்டிட்டேன்."

"மிஸ், எங்கட ஊர்ல கொடைக்கம்ப நட்டாலும் துளிர்க்கும். கொழும்புல இருக்குற நீங்க என்னத்தக் கண்டீங்க?" என்றார் நானா.

"நீங்க சும்மா இருங்க நானா," என்றார் அந்தோணியம்மா. "அவங்க பேசட்டும்."

பேசினேன். எல்லாக் கம்பையும் பிடுங்க வேண்டும். கலேவெலபோல் வைக்கோல் அடுக்க வேண்டும். சாம்பல் இன்னும் மூன்று அங்குலம் கொட்ட வேண்டும். அதுவரை இரத்தோட்டைக்குக் கையெழுத்து இல்லை.

"இங்க ஏது வைக்கோல்? கலேவெலக்காரன்கிட்டப் போய்க் கேக்குறதா?" நானா தலையில் கை வைத்தார். "மொதப் போட்டியே அவனுகளோடதானே! சிரிப்பானுங்க."

"கேளுங்க நானா," என்றான் சேவியர், முழங்கையை ஊதிக்கொண்டு. "அவனுங்களும் இங்க வந்துதானே விழப் போறானுங்க."

நானா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேன் சாவியை எடுத்தார். அந்த நிமிஷத்தில்தான் இது லீக் ஆயிற்று என்று எனக்குப் பட்டது. அதுவரை மூன்று ஊர்கள்தான்.

அந்தோணியம்மா படிவத்தைக் கிழிக்கவும் இல்லை, தரவும் இல்லை. என்னோடு கடைவீதி வரை நடந்து வந்தார். பஸ் நிறுத்தத்தில் சொன்னார்.

"இவன நிறுத்தினா வேற எங்கயாச்சும் போய் ஏறுவான். அது எனக்குத் தெரியும். வேலிய மாத்துங்க. மாத்தினதும் நீங்க வரணும். அன்னைக்கு ஓடுறப்ப அந்த வளைவுல, அவன் போய் விழுந்தானே, அந்த எடத்துல, வைக்கோலுக்குப் பின்னால நீங்க நிக்கணும். நீங்க நின்னா நான் போடுறேன். நானும் பக்கத்துலயே நிப்பேன்."

"அங்க பார்வையாளர் நிக்கக்கூடாதுன்னு விதி இருக்கு அம்மா."

"விதி யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்ப?"

வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை, பிற்பகல் 1.10, மாத்தளை நிலையம். திரும்பும் பஸ்ஸில் ஏழரை மைலும் வேலிகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இலை விடாத ஒரு கம்பைக் காணவில்லை. கொழும்பில் எங்கள் வீட்டுத் துணிக்கொடிக்கு நட்ட கம்பு ஆறுமாதத்தில் உளுத்துச் சாய்ந்துவிடும்; அப்பா வருஷத்துக்கு இரண்டு தரம் மாற்றுவார். நான் வரைந்தது அந்த மண்ணுக்கு. உயரம், அகலம், ஆழம் எல்லாம் அளந்த எனக்கு, மண்ணைக் கேட்கத் தோன்றவில்லை.

ரயிலில் மூன்றாம் அறிக்கையை எழுதி முடித்தேன்: இரத்தோட்டை, அனுமதி இல்லை, காரணம் வரைஞரின் பிழை. பிறகு படத்தை மடியில் விரித்து, மேல் வளைவில் நான் நிற்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்தேன். வேலியிலிருந்து எத்தனை அடி என்று அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நான்கு. அதைப் பத்தாக்கிக்கொள்ளலாம், அந்த அம்மாவுக்கு எங்கே தெரியப் போகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். ரயில் ஆட்டத்தில் பென்சில் வழுக்கியது. அழித்துவிட்டு நான்கிலேயே மறுபடி குறித்தேன். அதன் பக்கத்தில் அவருக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.